மர்வாவின் களக்குறிப்பு நோட்டு

அபிராமம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் யுவராணிக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே கௌஹாத்தியில் நீயும் மாப்பிள்ளை மாரீஸ்வரனும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்ல மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் மழை பெய்கிறதா, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். முகம் தெரியாமல் இருந்தால்கூடக் குரல் காட்டிக் கொடுத்துவிடுமே என்று பயம். தாளில் என்றால் பாதியில் நிறுத்த முடியாது, எழுதினது எழுதினதுதான்.

முதலில் வீட்டு விவரம் சொல்லிவிடுகிறேன். மிளகாய் இந்த வருஷம் பரவாயில்லை, இரண்டாம் பறிப்பு முடிந்து களத்தில் காய்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காமல் களத்தில் குத்தவைத்து வெளுத்துப்போன சோடை மிளகாய் பொறுக்குகிறாள். மேற்கு வயலில் பன்றித் தொல்லை. தெருவில் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள், சித்திரைக்கு வருவாயா என்று கேட்கிறார்கள், நான் லீவு கிடைத்தால் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஆனியில் முன்னாள் ராணுவத்தினர் ஒதுக்கீட்டில் நான் பி.எஸ்சி. புவியியற்பியல், இல்லை, அதையே தப்பாக எழுதுகிறேன் பார், புவியமைப்பியல், ஜியாலஜி, அதில் சேர்ந்தது உனக்குத் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். மிலிட்டரி அங்கிள் என்று பெயர் வைத்தார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. தாமதமாக வருகிறவர்களைக் கண்டிப்பேன், வகுப்பில் செல்போன் பார்க்கிறவனை முறைப்பேன். முதல் மூன்று மாதம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கல்லை நகத்தால் கீறிப் பார், கீறல் விழவில்லையா, செப்புக் காசால் கீறு, அதற்கும் விழவில்லையா, கத்தியால் கீறு, இப்படி வரிசையாக மதுமதி மேடம் சொல்லிக்கொடுத்தார். கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடா மாதிரி பொங்கும். இதையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, பஸ்ஸில் பார்த்திபனூர் வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடுவேன். வாய்மொழித் தேர்வில் நான்தான் முதல். ஆனால் லென்ஸைக் கண்ணில் வைத்துக் கல்லின் மணியை, அதன் பொடித் துகளைப் பார் என்றால் எனக்கு மஞ்சளாக ஒரு புகைதான் தெரியும். கிட்டத்தில் இருப்பது மங்குகிற சாளேசரம் வந்து நாலு வருஷம் ஆகிறது, கண்ணாடி போடச் சொல்லி அம்மா சொல்லாத நாள் இல்லை. துப்பாக்கி சுடுவதில் மெடல் வாங்கினவன் கண்ணாடி போட்டுக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நிற்பதா என்று ஒரு வீம்பு. பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்களோ அதையே நானும் தெரிகிறது என்று சொல்லிவந்தேன்.

எங்கள் வகுப்பில் மர்வா என்று ஒரு பெண், திருப்பாலைக்குடி. அத்தா மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார், அம்மா ரம்ஜான் பீவி ஊருக்குப் பக்கத்தில் நண்டுச் சதை பிரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். அந்தப் பிள்ளை அதிகம் பேசாது, ஆனால் மேடம் ஒரு கல்லைக் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும், மணி அடித்தாலும் வைக்காது. தை மாதம் ராமேஸ்வரத்துக்குக் களப்பயணம் என்று சொல்லி, வீட்டில் கையெழுத்து வாங்கிவரப் படிவம் கொடுத்தார்கள். மறுநாள் ரம்ஜான் பீவியே கல்லூரிக்கு வந்துவிட்டார். ஆம்பளப் பிள்ளைகளும் வருவாகளா, எத்தனை மணிக்குத் திரும்புவீக, கடலுக்குள்ள இறங்கணுமா என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டு நின்றவர், வராந்தாவில் என்னைப் பார்த்தார். நீங்க வாத்தியாரா அய்யா என்று கேட்டார். இல்லம்மா, நானும் ஒங்க மக கூடத்தான் படிக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் இருந்த கலக்கம் போய்விட்டது. அப்ப நீங்களும் போறீகள்ல, அது போதும் என்று சொல்லி, அங்கேயே என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். என் மகளாப் பாத்துக்கிறேன், நீங்க கவலைப்படாமப் போங்க என்று நானும் சொன்னேன். இதை நீ ஞாபகம் வைத்துக்கொள் தாயி, நான் வாயால் சொன்ன வார்த்தை அது.

வெள்ளிக்கிழமை போனோம். ராமேஸ்வரம் தீவில் கடலோரமாக ஓர் இடம், கரை சின்னச் சுவர் மாதிரி ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அடியில் இறுகிப்போன பழைய பவளப்பாறை, அதற்கு மேல் சிப்பி, அதற்கு மேல் மணல். ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு வளர்ந்த பவளம் இப்போது அலை தொடாத உயரத்தில் நிற்கிறது என்றால் அன்றைக்குக் கடல் எங்கே நின்றது என்று நீங்களே யோசியுங்கள் என்றார் மேடம். அங்கே சுத்தியலைத் தொடக்கூடாது, ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது, உதிர்ந்து கிடப்பதில் மட்டும் அமிலம் விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். கரை நெடுகச் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டு எண் போட்டார்கள். எனக்கு ஆறாம் எண், பக்கத்தில் ஏழாவது மர்வாவுக்கு. அவரவர் இடத்தில் கீழே இருந்து மேல் வரை எந்த அடுக்கு எத்தனை சென்டிமீட்டர், மணி எப்படி, சிப்பி எப்படி என்று அளந்து, படம் வரைந்து, களக்குறிப்பு நோட்டில் எழுத வேண்டும். நான் டேப்பைப் பிடித்தேன், எண் தெரியவில்லை. வெயில் வேறு வெள்ளை மணலில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஒரு மணி நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நோட்டில் எழுதுவதுபோல் பேனாவை ஆட்டிக்கொண்டிருந்தேன். மர்வா முட்டி போட்டு, அலைச் சாரலில் முக்காடும் நோட்டும் நனைய, அடி அடியாக அளந்தது. நடுவில் என்னைக் கூப்பிட்டு, அங்கிள் இங்கன பாருங்க, மூளை மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு பவளம், முழுசா உருண்டையா இருக்கு, எங்க ஊர்ல கடலுக்குள்ள இருக்குற பாறையப் பார்னு சொல்வாங்களே, அங்கயும் இது உண்டுன்னு அத்தா சொல்லிருக்காக என்று காட்டியது. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன், தொட்டால் தெரிந்தது. ஆமாம்மா அருமை என்று சொன்னேன்.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பஸ் நின்றது. ஒன் நோட்டைக் கொஞ்சம் தாம்மா, என்னுதை ஒருதடவ சரிபாத்துட்டுத் தாரேன் என்று கேட்டேன். அது ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டில் வைத்து, வாசல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பிடித்து, அதிலிருந்த அத்தனையையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அளவு, படம், அந்த மூளைப் பவளம், எல்லாம். ஏழு என்று இருந்ததை மட்டும் ஆறு என்று மாற்றினேன். ராணுவத்தில் பழகின கையெழுத்து, அச்சு மாதிரி இருந்தது. திங்கட்கிழமை என் நோட்டைக் கொடுத்துவிட்டேன், அந்தப் பிள்ளையின் நோட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். இது மட்டும் வேண்டுமென்று செய்தது இல்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். செவ்வாய் விடுமுறை. புதன்கிழமைதான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அன்றைக்குத்தான் அது மேடத்திடம் கொடுத்தது. நோட்டு எங்கே என்று திங்கட்கிழமை மேடம் கேட்டதற்கு, ஒருத்தவங்ககிட்ட இருக்கு மேடம் என்று மட்டும் சொல்லியிருக்கிறது, என் பேரைச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மேடம் இரண்டு நோட்டையும் மேசையில் விரித்து வைத்து, ஆறாம் இடத்திலும் ஏழாம் இடத்திலும் ஒரே பவளம், ஒரே அளவு, ஒரே உயரத்தில் இருக்க முடியாது, இரண்டில் ஒன்று பார்த்து எழுதினது என்றார். முதலில் வந்தது என் நோட்டு, தாமதமாக வந்தது அதனுடையது. என் நோட்டு சுத்தம், அதனுடையதில் அடித்தல் திருத்தல், ஈரக்கறை. அவர் மர்வாவை எழுப்பி, நீயாகச் சொல்லிவிடு என்றார். அது என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எதிரில் தட்டில் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என்று மனசுக்குள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் மேடம், களப்பயண மதிப்பெண் உனக்குப் பூஜ்யம், மாசியில் அரியலூருக்குப் போகிற பயணத்துக்கும் நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நோட்டு எப்படி எழுத வேண்டும் என்று அங்கிளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று என் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். தாயி, நான் எல்லையில் நின்றிருக்கிறேன், பயம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் எழுந்து நிற்கவில்லை. அது மெதுவாக உட்கார்ந்துகொண்டது, அழக்கூட இல்லை.

மறுநாளிலிருந்து அது வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று எட்டு நாள் ஆனது. மேடத்தின் அறைக்கு மூன்று முறை போனேன். ஒரு முறை தேர்வுத் தேதி கேட்டேன், ஒரு முறை ஆய்வகச் சாவி கேட்டேன், ஒரு முறை வாசலோடு திரும்பிவிட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, என்ன செஞ்சுபுட்டு வந்திருக்கீக என்று நேராகக் கேட்டாள், முப்பது வருஷத்தில் அவளிடம் எதை மறைக்க முடிந்தது. சொன்னேன். அவள் சோற்றுத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். அப்புறம், கண்ணாடி போட வெக்கப்பட்டு இம்புட்டுப் பெரிய வெக்கத்த வீட்டுக்குள்ள கொண்டாந்திருக்கீக, நாளைக்கு மொத வேலையா அந்தப் புள்ள வீட்டுக்குப் போங்க, போகாம இங்கன வராதீக என்றாள்.

போனேன். திருப்பாலைக்குடியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. ரம்ஜான் பீவி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார், விரலெல்லாம் நண்டு ஓடு கீறின தழும்பு. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் கூப்பிவிட்டார். அய்யா, எம்மக ஒங்க நோட்டப் பாத்து எழுதிருச்சாம்ல, நீங்க எம்புட்டு மனசு நொந்திருப்பீக, நானே வந்து ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீக, தகப்பன் ஊர்ல இல்லாத வீட்டுல நாந்தான் சரியா வளக்கல, இனிமே அவள அனுப்பப் போறதில்ல, நண்டுக் கம்பெனில சொல்லி வச்சிருக்கேன் என்றார். உள்ளே கதவோரத்தில் மர்வா நின்றது. அது தன் அம்மாவிடம்கூட உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அப்புறம் எனக்குத் தெரிந்தது, சொன்னா யாரு நம்புவா, மிலிட்டரிக்காரவுக பொய் சொல்வாகளான்னு நீங்களே கேப்பீகளே என்று, ஏன் மறைத்தாய் எனக் கேட்ட தன் அம்மாவிடம் பிறகு சொன்னதாம்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கண் தெரியாததிலிருந்து கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். ரம்ஜான் பீவி என்னைத் திட்டவில்லை. நீங்க இருக்கீகன்டுதானே அனுப்புனேன் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். மன்னிச்சிரும்மா என்று மர்வாவைப் பார்த்துச் சொன்னேன். அது முதல் முறையாக வாயைத் திறந்து, எங்கிட்டச் சொல்லி என்ன அங்கிள், என்னைய கிளாஸ்ல நிப்பாட்டித்தானே கேட்டாங்க, கிளாஸ்ல சொல்லுங்க, நான் நாளைக்கு வாரேன், வந்து கேக்குறேன் என்றது. சொல்லும்போது அது கண்ணைத் தாழ்த்தவில்லை.

யுவராணி, அந்த வாசலில் நிற்கும்போது எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உனக்கும் அதே வயதில் திருச்சியில் இதே படிப்புக்கு இடம் கிடைத்தது. லடாக்கில் பதுங்குகுழி தோண்டும்போது கிடைத்ததென்று நான் கொண்டுவந்த, சுருள் சிப்பி பதிந்த கல்லைப் பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே வைத்துத் திரிந்தவள் நீ, அந்த ஆசையை உன் மனசில் போட்டவனே நான்தான். நீ படிவத்தோடு வந்து நின்றாய், களப்பயணம் என்று ஒரு வரி இருந்தது. பயலுகளோட மலை மலையா அலையுற படிப்பு நம்ம வீட்டுப் புள்ளைக்கு எதுக்கு என்று கேட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். நீ பி.காம். படித்தாய், வங்கி வேலை வாங்கினாய், இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் நான் சேர்ந்துவிட்டேன் என்று போனில் சொன்ன அன்றைக்கு, நல்லாப் படிங்க அய்யா என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டாய். சிக்னல் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். சிக்னல் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நண்டு உடைத்துப் பிழைக்கிற ஒரு தாய், புருஷன் ஊரில் இல்லாமல், பயந்து பயந்தாவது பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அந்த தைரியம்கூட இல்லை. உனக்குப் போடாத கையெழுத்தை எனக்கு நானே போட்டுக்கொண்டு போய், அங்கேயும் ஒரு பெண்பிள்ளையின் படிப்பில்தான் கையை வைத்திருக்கிறேன்.

மறுநாள் மர்வா வந்து கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்தது. மேடம் படிவுப் பாறை நடத்த ஆரம்பித்ததும் நான் எழுந்து, ராமேஸ்வரம் நோட்டுல மர்வா என்னையப் பாத்து எழுதல மேடம், நாந்தான் அது நோட்ட வாங்கிட்டுப் போயி எழுதுனேன், அந்தப் பவளம் ஏழாம் இடத்துல இருக்கு, என் இடத்துல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துபோய், உட்காருங்க, அப்புறம் தனியாப் பேசிக்கலாம் என்றார். அன்னைக்கு எல்லாரு முன்னாடியும்தானே கேட்டீங்க மேடம் என்று சொல்லி மீதியையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். எனக்கு எப்போதும் இடம் பிடித்து வைக்கிற இமானுவேல் என்ற பையன், அப்ப அன்னைக்கு ஏன் அங்கிள் சும்மா இருந்தீங்க என்று கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பயமா இருந்துச்சுப்பா என்றேன். அந்த வகுப்பில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். மேடம் இரண்டு நோட்டையும் எடுத்து வரச் சொல்லி மறுபடி பார்த்தார். மர்வாவிடம், எந்த நோட்டு முதல்ல வந்துச்சுன்னு பாத்தேனே தவிர எந்த நோட்டுல கடல்தண்ணி பட்டிருக்குன்னு பாக்கலம்மா, தப்பு என்மேலயும் இருக்கு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்கு முழு மதிப்பெண், அரியலூர் பயணமும் உண்டு. எனக்குப் பூஜ்யம், அரியலூர் கிடையாது, அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போய் என் ஆறாம் இடத்தை நானே அளந்து எழுத வேண்டும். சரி மேடம் என்றேன். மர்வா இப்போது முன் பெஞ்சில் உட்காருகிறது. என்னோடு பேசுவதில்லை. நானும் போய்ப் பேசச் சொல்லிக் கேட்கவில்லை, பேசு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. பரமக்குடியில் கண்ணாடி வாங்கிவிட்டேன், போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நேற்று அவர்கள் அரியலூருக்குப் போனார்கள். நான் களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும், ரம்ஜான் பீவி போன் செய்தார். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதெல்லாம் இல்லையாம், நல்லாப் போய்ச் சேர்ந்துவிட்டதாம், இந்தத் தடவ யாரு கூட வாராகன்னு நான் கேக்கவே இல்ல, படிவத்த வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அய்யா, நான் ஒண்ணு கேக்கலாமா, நீங்க இம்புட்டு வயசுக்காரவுக, ஒலகத்தப் பாத்தவுக, நீங்களே பாத்து எழுதுற அளவுக்கு எம்மக அந்த நோட்டுல அப்புடி என்ன எழுதியிருந்துச்சு என்று கேட்டார். நான் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடியில் பவளம் எத்தனை சென்டிமீட்டர், சிப்பி அடுக்கு எவ்வளவு, மூளைப் பவளத்தின் மடிப்பை எப்படி வரைந்திருந்தது, இதையெல்லாம் வைத்து ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் இப்போதைவிட உயரத்தில் நின்றது என்று கடைசியில் தன் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதியிருந்ததே, அது வரை சொன்னேன். போனில் அவர் பக்கத்தில் நண்டு ஓடு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, ஒரு கட்டத்தில் அதுவும் நின்றுவிட்டது. எம்மகளா இதெல்லாம் எழுதுச்சு என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம்மா, ஒங்க மகதான் என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிள்ளை என்ன எழுதினாள் என்று கேட்க அந்த அம்மாவுக்குத் தோன்றியதே, ஒன்பது வருஷத்தில் எனக்கு ஒரு நாள் தோன்றவில்லை. அன்றைக்கு நீ படிவத்தோடு வந்து நின்று என்ன சொல்ல வந்தாய் தாயி? நான் டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். கோபமாக எழுதினாலும் சரி, ஒரு வரி எழுதினாலும் சரி, எழுது. போன் வேண்டாம், போன் என்றால் நீ எனக்காக இரக்கப்பட்டு ஒண்ணுமில்லை அய்யா என்று சொல்லிவிடுவாய்.

குலசாமி உன்னையும் மாப்பிள்ளையையும் எந்தக் குறையும் அண்டாமல் காக்கட்டும், நினைத்தது எல்லாம் உங்களுக்குக் கைகூடட்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். மிளகாய்ப் பொடி பார்சல் வியாழக்கிழமை அனுப்பியிருக்கிறோம், அந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும், பிரித்ததும் கண்ணாடி டப்பாவில் கொட்டி ஒரு வெயில் காட்டிவிடு என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
உன் முன்னால் தலை குனிந்து நிற்கும் உன் அய்யா,
செ. செல்லச்சாமி.